தொண்ணூற்றாறு புள்ளி எட்டு

கயத்தாறுக்கு மேற்கே, காற்றாலைக் காலடியில்
கன்னியாட்டின் கீழுதட்டைப் பிதுக்கி
பஞ்சுக்குச்சியை உருட்டி எடுத்தேன்.
"புண்ணுக்கு மருந்து கேட்டா
எச்சிலத் தொடச்சிட்டுப் போறியளே" என்றான் ஆவுடைநாயகம்.
ஆடு என் துப்பட்டாவைத் தின்றுகொண்டிருந்தது.
மாதிரி எண் நாற்பத்தொன்று.

ராமையன்பட்டி ஆய்வகம்.
செம்மறி ரத்தம் கலந்த அகார் தட்டு,
முப்பத்தேழு பாகை, இரண்டு ராத்திரி.
அதில் ஒரு ராத்திரி கரண்டு போய்
இன்குபேட்டர் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன்,
என் சூடாவது போகட்டும் என்று.

மூன்றாம் நாள் காலை தெரிந்த முகங்கள்தான்:
மஞ்சள் மொட்டு, வெள்ளை மொட்டு,
எப்போதும் அழையாமல் வரும் பிசுபிசுப்பு.
தட்டின் ஓரத்தில் மட்டும்
கசகசாவில் பாதி, சாம்பல் நிறம்,
சுற்றியிருந்த ரத்தத்தைச் சிதைக்காமல்
தனியே குந்தியிருந்தது ஒன்று.

சாயமேற்றினேன்.
ஊதாவை உதறிவிட்டு இளஞ்சிவப்பை உடுத்தியது.
பெராக்சைடு சொட்டினேன், நுரைத்தது.
மால்டோஸ் வைத்தேன், தொடவில்லை.
மானிட்டால், லாக்டோஸ், தொடவில்லை.
மனத்தாங்கலோடு கல்யாணத்துக்கு வந்து
கை நனைக்காமல் போகிற மாமனைப் போல.
குளுக்கோஸை மட்டும் மூன்று நாள் கழித்து,
வேண்டாவெறுப்பாக.

"கைபட்ட கறை, மேடம்" என்றார் நைனா முகம்மது,
இருபது வருசமாகத் தட்டு கழுவுகிறவர்.
"இல்லாட்டி உங்க துப்பட்டால உள்ளது."
துப்பட்டாவையும் சோதித்தேன்.
இல்லை.

மரபணு வாசிப்புக்கு அனுப்பிப் பதினோரு நாள்.
பஸ் வண்ணார்பேட்டையில் நின்றபோது மெயில் வந்தது:
ஆகக் கிட்டத்து உறவோடு ஒற்றுமை
தொண்ணூற்றாறு புள்ளி எட்டு.
தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழைத் தாண்டினால்
ஒரே வீடாக இருக்கலாம்.
இதுவோ, குளிர்தேசத்துப் பன்றி ஒன்றின் மூக்கிலிருக்கும்
அந்த ஒன்றுவிட்ட உறவுக்கு
துட்டிக்குக்கூடச் சொல்லி அனுப்பாத தூரம்.
நான் முருகன்குறிச்சியில் இறங்கவேண்டும்.
சமாதானபுரம் வரை போய்விட்டேன்.

முழு மரபணுவும் அதையே சொன்னது.
ஆனால் புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
புண் ஒரு வைரஸின் வேலை.
இது பக்கத்து வீட்டுக்காரி:
புண் வருமுன்னும் அங்கேதான், ஆறிய பிறகும் அங்கேதான்.

"அப்ப அது ஒண்ணுஞ் செய்யாதா?"
"செய்யாது."
"பெறவு எதுக்கு இம்புட்டுப் பாடு?"
போனில் காற்றாலை சுற்றியது. நான் பதில் சொல்லவில்லை.
கேட்டவன், அந்தியில் பட்டியடைக்கும்போது
பால்கன்னி, செங்கன்னி,
எதிலும் சேராத அந்த மூணு
என்று பிரித்தெண்ணுகிறவன்.

நாற்பத்தொன்றை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றேன்.
"காதறுப்பாளா?
அது செவ்வாக்கிழம மேலப்பாளையம் போயிட்டுல்லா."

அதன் வாயில் குடியிருந்தது மட்டும்
மைனஸ் எண்பதில் உறைந்திருக்கிறது.
இரண்டு தேசத்துக் காப்பகங்களுக்குக் குப்பியில் போனது,
முத்திரையோடு, சான்றிதழோடு.
நான் மதுரையைத் தாண்டியதில்லை.

பெயர் லத்தீனில் வேண்டுமாம்.
தன் பெயர் லத்தீனில் நன்றாக ஒலிக்கும் என்று
துறைத்தலைவர் ஒருமுறை சொன்னார், சும்மா.
ஆற்றின் பெயரை வைத்துப் பார்த்தேன், நாக்கில் சுளுக்கியது.
இடுகுறி வேண்டாம், காரணப்பெயரே போதும் என்று
லேபியிகோலா என எழுதினேன்:
உதட்டில் குடியிருப்பது.
யாருடைய உதடு என்று எழுதக் கட்டமில்லை.
எண் கேட்டிருந்தார்கள். கொடுத்தேன்.

ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த அன்று
ஆவுடைநாயகத்துக்குத்தான் முதலில் சொன்னேன்.
"சந்தோசம்" என்றான்.
"அந்த வாய்ப்புண் மருந்து
இன்னும் வந்து சேரலியே."

போரிக் பவுடரும் கிளிசரினும்
கயத்தாறு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.
டிரைவர், மேல எழுதுங்க என்றார்.
எழுதினேன், தமிழில்:
ஆட்டுக்கு. உதட்டில் தடவவும்.