ரெண்டு கே

பிறந்த வருடம் கேட்டது திரை.
விரலால் தள்ளினால் எண்கள் உருளும்,
பொருட்காட்சி ராட்டினம் மாதிரி.
இயலுக்கு அன்றைக்கு வயது ஆறு.
அந்த உலகத்துக்குப் பதின்மூன்று வேண்டும்.
மீட்டிங் தொடங்க இரண்டு நிமிடம்.
ஏழு வருடத்தைச் சேர்த்துக் கொடுத்தேன்.
அவளைப் பெற்றெடுக்க வத்சலாவுக்குப்
பதினெட்டு மணி நேரம் ஆயிற்று.
எனக்கு ஒரு விநாடி.

மூன்றாவது நாளாக மழை.
மடிப்பாக்கத்தில் பள்ளிக்கு லீவு விட்டால்
பிள்ளைகள் போக இடம் கிடையாது.
பார்க்கிங்கில் பந்து ஆடக் கூடாதென்று
அசோசியேஷன் ஒட்டிய தாள்
ஈரத்தில் உப்பியிருக்கிறது.
மெட்ரோ தோண்டிய பள்ளத்தில் தவளைகள்.
வத்சலா ராயப்பேட்டை லேபில், டபுள் டியூட்டி.
நான் சாப்பாட்டு மேசையில், காதில் ஹெட்செட்டோடு
யாருடைய பட்ஜெட்டுக்கோ தலையாட்டிக்கொண்டு.

அவளோ அங்கே
ஊதாப் புல்வெளியில் வீடு கட்டியிருந்தாள்.
லிஃப்ட் வேலை செய்கிற வீடு.
மொட்டை மாடியில் நீச்சல்குளம்,
குளத்தில் ஒரு பசுமாடு.
கூரையிலிருந்து குதித்தால் வலிக்காதாம்,
என்னையும் வரச் சொன்னாள்.
மைக்கை மூடிவிட்டுச் சிரித்தேன்.
பொய் சொல்வானேன்,
அழகாகத்தான் இருந்தது.

நாலரை மணிக்கு, தலை நிமிராமல் கேட்டாள்:
"அப்பா, மடிப்பாக்கத்துக்கு எத்தனை கே?"
"ரெண்டு" என்றேன்.
எழுத்துக் கூட்டுகிறாளே என்று
கொஞ்சம் பெருமையும் கூட.

ஒரு ஸ்லைடு மாறி
இன்னொரு ஸ்லைடும் மாறிய பிறகுதான்
யாருக்கு எழுதுகிறாள் என்பது
வயிற்றில் இறங்கியது.

நீல நரி.
கழுத்தில் மணி, முதுகில் சிறகு.
மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன்.
மாடு சூப்பர்.
நானும் சென்னை.
உன் ஏரியா எது?
எந்த ஸ்கூல்?
பதில் பெட்டியில் பள்ளியின் பாதிப் பெயர்.
பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

'தடை செய்' என்பதை அழுத்தினேன்.
நரி புகையாகிப் போனது.
இயல் அழுத அழுகையில்
மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.
"அது பாவம்ப்பா. அதுக்கும் இன்னிக்கு லீவு.
அதுக்கு நீச்சல் தெரியாது,
நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

இருக்கலாம்.
ஆவடியில் ஏதோ ஒரு ஃப்ளாட்டில்
எட்டு வயதுப் பையன் ஒருவன்
என்ன தப்பு செய்தோமென்று தெரியாமல்
ஊதாப் புல்லில் அவளைத் தேடிக்கொண்டிருக்கலாம்.
அவன் அப்பாவும் மீட்டிங்கில் இருக்கலாம்.
இல்லை, என் வயதுக்காரன் ஒருவன்
இந்நேரம் அடுத்த வீட்டுக் குழந்தையிடம்
மாடு சூப்பர் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.
நரி முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரவு பால் வாங்க இறங்கினேன். முழங்கால் தண்ணீர்.
ரேஷன் கடை முனையில்
மூடி காணாமல் போன பாதாளச் சாக்கடையில்
யாரோ வேப்பங்கிளை நட்டிருந்தார்கள்,
நுனியில் சிவப்புத் துணி.
காலையில் அவரே விழப் பார்த்திருப்பார்.
சமாளித்து நின்று, நாலு வார்த்தை திட்டிவிட்டு,
போய்க் கிளை ஒடித்து வந்திருப்பார்.
அந்த ஊதா ஊரில்
கிளை ஒடிக்க யார் இருக்கிறார்கள்?
நான் இருந்தேன்.
மூன்றடி தூரத்தில்.
எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

ஜனவரியில் இயலுக்கு ஏழு வயதானது.
ஏழு மெழுகுவத்தி, ஒன்று கேக்கில் சாய்ந்துவிட்டது.
என் மெயிலுக்கு வாழ்த்து வந்திருந்தது:
இனிய பதினான்காவது பிறந்தநாள்!
உனக்காகப் புதிய கதவுகள் திறந்திருக்கின்றன.

வயதைத் திருத்தப் போனேன்.
பெற்றோர் அனுமதி வேண்டும் என்றது.
நீங்கள் பெற்றோரா?
ஆம். இல்லை.
அன்றைக்கு அழுத்திய அதே பச்சையில் பட்டன்.
கட்டைவிரலில் க்ரீம் ஒட்டியிருந்தது.
உள்ளேயிருந்து இயல் கத்தினாள்,
கேக் தீரப் போகிறதாம்,
சீக்கிரம் வர வேண்டுமாம்.