அரை மில்லி

முருகன்குறிச்சியில் பஸ் இறங்கி
கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி.
பலகையில் தோல், முடி, நகம் என்று இருந்தது.
உதடு என்று எழுதவில்லை.
அது எனக்கு வசதி.

டாக்டர் ரஹ்மத் நிஷா, மேலப்பாளையத்துக்காரி,
யாரை மாதிரி வேணும் என்று கேட்கவில்லை.
"முப்பது வயசு போட்டோ இருக்கா?" என்றாள்.
இருந்தது, பழைய ரேஷன் கார்டில்.
எள்ளளவு முகம், அதில் எங்கே உதடு.
மறுதடவை கல்யாண ஆல்பத்தையே
கட்டைப்பையில் தூக்கிக்கொண்டு போனேன்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.
என் வாய்தான் அவர்களுக்குக் கரும்பலகை.
நாற்பத்தேழு வயதில் மேலுதடு
கைக்கு வழுக்கும் கடைசிச் சோப்பு மாதிரி
தேய்ந்துகொண்டே வந்தது.
மூன்றாம் வகுப்பு பேச்சிமுத்து
சிலேட்டில் எழுதிக் காட்டினான்:
"டீச்சர் மேல் ஒதடு காணும்."
காணோம் என்று திருத்திக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி கண்ணாடி முன்னால்
ப, ப, ப.
ஒரு கோடு மூடித் திறந்தது.

டாக்டர் என்னை அசையாமல் உட்காரச் சொல்லவில்லை.
போனைத் தூக்கிப் பிடித்துப் பேசச் சொன்னாள்.
"பாளையங்கோட்டை. மணிமுத்தாறு. அம்பாசமுத்திரம்.
சிரிங்க. சூடா டீ குடிக்கிற மாதிரி குவிங்க."
பிறகு ஒரு தாளில்
மூன்று வருஷத்துக்குக் கட்டம் போட்டாள்.
இப்போது அரை மில்லி.
இரண்டு வாரம் கழித்து ஒரு பார்வை.
அப்புறம் ஆறு மாசம் ஒன்றும் செய்யக் கூடாது.
அதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

"எல்லா மடையையும் ஒண்ணாத் தொறந்தா
தண்ணி வயல்லயா நிக்கும்? வரப்பேறிப் போயிரும்.
மூக்குக்குக் கீழ வீங்கி நிக்கும்.
பெறகு ஓரம் எது உதடு எதுன்னு
ஒங்க பிள்ளைகளுக்கே தெரியாது."
பிடிக்கலைன்னா, என்றேன்.
"கரைக்க மருந்து இருக்கு.
கரைக்கத் தேவையில்லாம வைக்கதுதான் என் வேலை."

மகளின் ஸ்கூட்டிக்கென்று போட்ட சீட்டை
மூன்று மாசம் முன்னாலேயே எடுத்தேன்.
வீட்டில் பல் என்று சொன்னேன்.
பல்லுக்குப் பக்கம்தானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊசி.
திங்கட்கிழமை வகுப்பு.
வீக்கம் முழுக்க வடியவில்லை,
உதட்டோடு உதட்டை அழுத்தக் கூடாதென்று உத்தரவு.
பழைய புலவர்கள் வம்புக்கென்றே பாடுவார்களே, இதழகல்,
அந்த மாதிரி
உதடு ஒட்டாத சொற்களாகப் பொறுக்கினேன்:

கண்ணா, இங்கே நில். ஏன் சிரிக்கிற?
நேற்றைய கணக்கை ஏன் காட்டலை?
தண்ணீர்க் கேன் எங்கே?
சரி சரி, நான் திட்டலை.
நீ இனி அழாதே.

பிள்ளைகள் விழித்தார்கள்.
கதவு திறந்து கிடந்தது,
உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை.
பேச்சிமுத்து கையால் கேட்டான்: வாய் வலியா?
நான் தலையாட்டினேன், ஆமாம் இல்லை இரண்டுக்கும்.

பன்னிரண்டாம் நாள் வீட்டில் அவர்
சாம்பார் ஊற்றிக்கொண்டே ஒரு நிமிஷம் பார்த்தார்.
"பல் சரியாப் போச்சு போல. மொகம் தெளிஞ்சிருக்கு."

ஆறு மாசம் கழித்து அதே மாடி, அதே மூன்று ஊர்ப் பெயர்.
இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
பாளையில் உதடு மூடுவது தெரிந்தது,
ஒரு மெல்லிய வரம்பு மேலே எழுந்து.
"கால் மில்லி வைக்கலாம்.
வைக்காமலும் இருக்கலாம்."
தையில் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.
ஸ்கூட்டியும் தையில்தான்.

ஆனால் ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான்.
படமும் மடமும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.
அதைப் பிரிக்க எந்த ஊசியும் கிடையாது.
பேச்சிமுத்து எழுந்து வந்து
கடலை மிட்டாய் ஒட்டிய விரலை
என் மூக்கின்மேல் வைக்கிறான்.
நான் சொல்கிறேன்.
விரல் அதிர்ந்தால் ம.
அதிரவில்லை.
சிலேட்டைத் துடைத்து
ப என்று எழுதுகிறான்.