ஏழாம் மூட்டம்

மூக்கையூருக்கு மேற்கே
உப்பளம் முடிந்து கடல் தொடங்காத இடத்தில்
ஏழாவது கரிமூட்டத்துக்கு விறகு போதவில்லை.
இன்னும் உள்ளே போங்கள் என்றார் நாகூர்கனி.
உள்ளே என்றால்
ஆடு நுழையாத, வெயில் தரையைத் தொட்டு
முப்பது வருசமான உள்ளே.

நான்தான் முன்னால் போனேன்.
சீமைக்கருவேலுக்கு முகம் காட்டாமல்
முதுகு கொடுத்து நுழையப் பழகியவள்.
தூரோடு எடுத்தால் எடை கூடும்.
குனிந்து போட்ட மூன்றாவது வெட்டில்
கோடாரி பொறி கக்கியது.

கல்.
கல்லுக்கு மேல் கல்.
அதற்கும் மேலே, கொஞ்சம் உள்ளே தள்ளி, இன்னொரு கல்.
படிப்படியாகக் குறுகி
முள்ளின் தலைக்குள் போய் மறைந்தது.
எல்லாம் கடற்பாரில் வெட்டிய கல்;
தடவினால் உள்ளங்கையில் சிப்பி ஓடு.
இடுக்குக்கு ஒரு வேர்.
உச்சியில் ஓர் அறை. அறைக்குள்
சிலை நின்ற குழி மட்டும். குழியில்
போன வாரத்து மழையோ
போன நூற்றாண்டு மழையோ
ஒரு கை தண்ணீர்.

பவளரூபி போனை நீட்டினாள்:
எந்தத் தேசமோ, மாயா என்ற சனங்கள் கட்டி
காடு மூடிய கோயில்.
இதே படி. இதே குறுகல்.
கயிறு பிடித்து ஏறுகிறார்கள்,
கீழே டிக்கெட் கூண்டு.
"நம்ம முள்ளும் அந்தப் பக்கத்துச் சரக்குதானாம், மதினி."

பதினோரு வருசமாக இதை வெட்டித்தான் உலை வைக்கிறேன்.
எந்த ஊர் நீ என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
அங்கே மூடிப் பழகிய கைதானோ
கடல் தாண்டி வந்தும்
இருட்டில் துழாவி
இன்னொரு கோயிலைக் கண்டுபிடித்தது?

நாகூர்கனி ஏறவில்லை. செருப்பைக் கழற்றினார்,
திரும்ப மாட்டிக்கொண்டார்.
"ஆபீசர் வந்தா கம்பிவேலி போடுவான்.
வெட்டு நின்னுபோகும்."
யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.
ஆறு குடும்பம்.
வாங்கிய முன்பணம், தலைக்குப் பதினெட்டாயிரம்.

வெட்டிய முள்ளையே இழுத்து வந்து
வழியை அடைத்தோம்.
வெட்டுப்பட்ட தூர் ஐப்பசி மழைக்குத் துளிர்க்கும்,
மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ராத்திரி மூட்டத்துக்கு மண் பூசினேன்.
புகை கடல் பக்கம் போனது.
ஆளுக்கொரு பொய் தயாரித்துக்கொண்டு படுத்தார்கள்.
நான் சொல்லாமல் விட்டது வேறு:
இறங்கும் முன்
அந்தக் குழித் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டேன்.
இந்தக் கரையில்
உப்புக் கரிக்காத தண்ணீர்
எனக்கு அதுதான் முதல்.