ஏழு தையல்

ஈஸ்டருக்குப் பிறகு கசிகிறது என்று
போத்தாவை மேசைமேல் போட்டார்
காற்றாலைகளுக்கு எண்ணெய் விடும் எலாடியோ.
"ரெண்டு சட்டை போச்சு, காசில்டா."
மூன்றாவதிலும் கறை இருந்தது,
இடது விலாவுக்குக் கீழே,
கத்திக்குத்து வாங்கியவர் மாதிரி.

பையின் அடியில் என் முத்திரை: ஆட்டுக் குளம்பு.
மறுக்க வழியில்லை.

போத்தாவுக்கு மயிர் உள்பக்கம் இருக்கவேண்டும்.
கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.
நகத்தளவு விட்டுக் கத்தரித்த அந்த மயிர்தான்
கீலைப் பிடித்துக்கொள்ளும்,
கீல் மதுவைப் பிடித்துக்கொள்ளும்.
வழுவழுத்த தோலில் எதுவும் தங்காது.

தைக்கும்போது மயிர் வெளியே.
தைத்து, ஊறவைத்து,
கழுத்து வழியே கம்பை விட்டு
முழுதையும் உள்வெளியாய்ப் புரட்டுவேன்.
ஈரக் காலுறையைப் பிடுங்குவது போன்ற வேலை,
முக்கால் மணி நேரம்.
அதற்கப்புறம் உள்தையலை
நானும் பார்ப்பதில்லை.

கொம்பு வாயைக் கழற்றி
ஆவியில் காட்டினேன், கீல் இளகும்வரை.
பைன் காடு எரிந்து அணைந்த மணம் பட்டறை முழுக்க.
எலாடியோ எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போனார்.
புரட்டினேன்.

விரலால் படித்துக்கொண்டே வந்தேன்.
கோதுமை மணி கோத்தாற்போல் ஒரே அளவு.
கை அவ்வளவு சொல்பேச்சு கேட்டிருக்கிறது.
இடது தோள் வளைகிற இடத்தில்
ஏழு தையல் அகலம்.
எட்டாவதிலிருந்து மறுபடி நெருக்கம்,
தேவைக்கு மேல் நெருக்கம்,
நூல் தோலை அறுக்கிற அளவுக்கு.

எந்த நாள் என்று தெரிந்துவிட்டது.

போன நவம்பரில்,
பதினொரு வருடம் கழித்து
ஒப்துலியா வாசலில் வந்து நின்றாள்.
அம்மாவின் பாதாம் தோப்பை விற்ற பணத்தில்
யாருக்கு எவ்வளவு என்ற பேச்சில்
நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவள் ஒன்று சொன்னாள்.
என்னுடையது பெரியது.
கையில் குடை வைத்திருந்தாள். மழை இல்லை.
நான் நிமிரவில்லை.
"வேலையாய் இருக்கிறாய்" என்றாள் தங்கை.
"இருக்கிறேன்."
பெர்லாங்கா பஸ் நாலரைக்கு. போய்விட்டாள்.
ஊசி நிற்கவே இல்லை.
அன்றிரவு அதில் எனக்குப் பெருமைகூட.

நிற்காத ஊசி என்ன செய்துகொண்டிருந்தது என்று
இப்போது பார்க்கிறேன்.
ஏழு தையல் நேரம் நின்றிருக்கிறாள்.
இன்னும் நீளம் என்று நினைத்திருந்தேன்.

துணியானால் பிரித்துத் தைக்கலாம்,
நெசவு மூடிக்கொள்ளும்.
தோலில் போட்ட துளை போட்டதுதான்.
கரையை அரை விரல் வெட்டி எறிந்துவிட்டு
உள்ளே தள்ளித் தைக்கவேண்டும், பை சிறுத்துப்போகும்.
"இனி ஒரு கிளாஸ் குறையப் பிடிக்கும்" என்றேன்.
"வைத்தியரும் அதையேதான் சொல்கிறார்" என்றார் எலாடியோ.

வெட்டினேன்.
இரண்டு தோலின் இரண்டு விளிம்பும்
அந்த ஏழு தளர்ந்த தையலில்
ஒட்டிக்கொண்டே வந்தன.

மறுபடி தைத்தேன். புரட்டினேன்.
கீல் காய்ச்சி ஊற்றிப் பிசைந்தேன்,
ஒவ்வொரு மயிருக்கும் போய்ச் சேரும்வரை.
ஆறியதும் ஊதி அடைத்துக் காதோடு வைத்தேன்.
என் மூச்சு உள்ளேயே இருந்தது.
ஒரு இழை வெளியே வரவில்லை.
நல்ல வேலை. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் எலாடியோ தண்ணீர் நிரப்பி
கை நீளத்துக்குத் தூக்கி அண்ணாந்து குடித்தார்.
உதடு படாத குடி.
அதனால்தான் எங்கள் ஊரில்
முகம் கொடுத்துப் பேசாதவர்களும்
ஒரே பையில் குடித்துவிட முடிகிறது.
எனக்கு நீட்டினார்.
கீல் கசந்தது, முதல் நிரப்பு அப்படித்தான்.

வெட்டிய கீற்று ஏப்ரன் பையில் இருக்கிறது.
பெர்லாங்காவுக்குக் காலை ஒன்பதேகாலுக்கு
ஒரு பஸ் உண்டு என்று எலாடியோ சொன்னார்.
நான் கேட்டதால்.