நிகர எடை

தாழையூத்துக்கு வடக்கே,
சிமெண்ட் சூளைக்கும் நாற்கரச் சாலைக்கும் நடுவே
நான் காற்றை நிறுக்கிறேன்.
சிரிக்க வேண்டாம், அதற்குத்தான் சம்பளம்.
காலி டேங்கர் பதினாலு டன் நானூறு.
நிரப்பி வந்தால் முப்பத்துநாலு டன் நூற்றியிருபது.
கழித்தால் கிடைப்பது
புகைக்கூண்டில் மடக்கிப் பிடித்த கரியமில வாயு.

பிடிக்கிற கோபுரம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே.
உள்ளே ஓடும் கரைசலுக்கு
மீன் அலசின தண்ணீர் வாடை.
வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள்
அந்தப் பக்கம் ஷிப்ட் கேட்பதில்லை.

சுண்ணாம்புக்கல் வேகும்போது
கல்லுக்குள் கிடந்தது வெளியேறுகிறது.
பேர் வைக்க ஆளில்லாத காலத்தில்
இங்கே கடல் கிடந்ததாம்.
அது பூட்டி வைத்ததை
நாம் ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் திறந்து,
அய்யோ போகிறதே என்று
பின்னாலேயே ஓடிப் பிடித்து,
இருபது டிகிரி உறைகுளிரில் திரவமாக்கி,
மேலப்பாளையம் செய்யது மசூது கையில்
சீட்டோடு கொடுக்கிறோம்.

"எங்கன கொண்டு போறீங்க அண்ணாச்சி?"
"டெல்டாவுக்கு. அங்கன ஒரு பழைய கெணறு.
அடியில எண்ணெய் கெடக்கு, ஏற மாட்டேங்கு.
இதை உள்ள விட்டா பாறையில ஒட்டுனது இளகி வருது.
அடிப்பிடிச்ச சட்டிக்கு வெந்நி ஊத்துவீங்கல்லா, அதான்."
சொல்லிவிட்டு வாசல் கடையில்
பன்னீர் சோடா குடித்து ஏப்பம் விட்டார்.
"இதுவும் அதே காத்துதான் ஜெபக்கனி.
இதுக்குச் சீட்டு போடலியா?"

இரவு ஷிப்டில் வண்டி குறைவு.
சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு டன் உள்ளே போனால்
இரண்டு பீப்பாய் மேலே வரும், சில நாள் மூன்று.
அந்த எண்ணெய் எரிந்தால்
கிட்டத்தட்ட ஒரு டன் வானத்துக்கு.
புதைத்தது ஒன்று, கிளப்பியது ஒன்று.
மசூது அண்ணாச்சி போய்வர
வண்டி குடித்த டீசல் தனி.
படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
மொத்தம், காலி, நிகரம்.
நாலாவது கட்டத்தை
நான் பேனாவால் வரைந்தேன், பிறகு கிழித்தேன்.
வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம்.

போன செவ்வாய், திரும்பி வந்த வண்டி
அறுபது கிலோ கூடக் காட்டியது.
முழுசாக இறக்கவில்லை. வால்வில் ஏதோ கோளாறு.
மனிதன் ஒரு நாளைக்கு ஒரு கிலோ
மூச்சில் விடுவானாம்.
அப்படியென்றால் யாரோ ஒருவருடைய
இரண்டு மாதம்
டெல்டா வரை போய், பிடிக்காமல், ஊர் திரும்பியிருக்கிறது.
மேற்பார்வையாளர் போனில் சொன்னார்:
"தொறந்து விட்டுட்டு காலின்னு போடுங்க."

அண்ணாச்சி திருகினார்.
வெள்ளையாகச் சீறி
தரையோடு தவழ்ந்தது.
நாய் எழுந்து ஓடியது.
நாற்பது டிகிரி தார் ரோட்டில்
உள்ளங்கை அகலம் உறைபனி,
நான் செருப்பு நுனியால் தொடுவதற்குள் இல்லை.

காலி என்று போட்டேன்.

ஆடி பிறந்துவிட்டது.
கயத்தாறு பக்கம் காற்றாலைகள்
தலைதெறிக்கச் சுற்றுகின்றன.
இந்தக் காற்று மேடையில் அறைந்தால்
வண்டியே இல்லாமல்
திரையில் இருபது கிலோ நிற்கும்.
இரண்டு நொடி, சில சமயம் மூன்று.
இயந்திரம் சீட்டை நீட்டிக்கொண்டு
வண்டி எண் கேட்கிறது.