மூன்று வினாடி

இலோய்லோவில், டிரைசைக்கிள் நிறுத்தத்துக்கு எதிரில் என் கடை.
ஆறு மணிக்குக் குழம்பு கொதிக்கும்.
அதற்கு முன்பே இவர்கள் கொதித்துவிடுகிறார்கள்.

"செவ்வாய்க்கிழமை புலி" என்கிறான் எல்பிடியோ,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
"செபுக்காரனை இருபத்திரண்டு பாயிண்டில் கிழித்த
அதே ஐந்து பேர்,
சனிக்கிழமை எப்படிப் புளியானார்கள்?"
புளியை நான்தான் கரைத்துக்கொண்டிருக்கிறேன்,
மீன் தலைக்கு.
நிமிரவில்லை.

மோலோ கொக்குகள்.
பெயர் வைத்தவனைச் சொல்ல வேண்டும்.
மூன்றாவது கால்பகுதி முழுக்க
ஒற்றைக் காலில் நின்றார்களாம்,
மீன் தானாக வாய்க்குள் வரும் என்று.

ருஃபினோ விற்கச் சொல்கிறான்.
வெனான்சியோவை, இன்றே.
முப்பத்து நாலு வயது, முழங்காலில் இரண்டு தையல்,
பந்து கைக்கு வந்தால்
சீதனம் வந்த மாதிரி கட்டிப்பிடித்துக்கொள்கிறான்.
அவனைக் கொடுத்து
பாகோலோடிலிருந்து அந்த நெட்டைப் பையனையும்
கூடவே ஒரு நல்ல ஷூட்டரையும் வாங்க வேண்டும்.
தட்டில் எலும்புகளை நகர்த்திக் காட்டுகிறான்,
இது அங்கே, அது இங்கே.
பேரம் முடிந்து பார்த்தால்
எலும்பெல்லாம் அவன் பக்கமே இருக்கிறது.

"எந்த முட்டாள் தருவான்?" தமாசோ கேட்கிறான்.
அவன் வண்டியின் முதுகில்
வெனான்சியோவின் பதினொன்று,
மஞ்சள் பெயின்ட், சொந்தக் கை.
"விற்றால் நான் என்ன செய்வது?
ஒரு கோட்டை அழித்துவிட்டு ஓட்டவா?"
"ஓட்டு. உனக்கு ஒற்றைச் சவாரிதானே கிடைக்கிறது."

சிரிக்கிறார்கள். நானும்தான்.

பிறகு அந்தப் பேச்சு வருகிறது.
கடைசி மூன்று வினாடி,
எண்பத்தாறுக்கு எண்பத்தேழு,
வெனான்சியோ கூடைக்குக் கீழே எழும்புகிறான்,
விலாவில் ஒரு முழங்கை.
விசில் இல்லை.
"குருடன்."
"குருடனுக்கும் காது உண்டு.
மேல் வரிசையில் எனக்கே சத்தம் கேட்டது."
"காசு வாங்கியிருப்பான்."
"பெண்டாட்டிக்குச் சங்கிலி செய்திருப்பான்."

என் கை கழுத்துக்குப் போகவில்லை.
அங்கே ஒன்றும் இல்லை.

சாம்பல் சட்டையைத்தான் திட்டுகிறார்கள்.
உள்ளே இருக்கிற முகத்தை யாரும் பார்த்ததில்லை.
அந்தச் சட்டையை கிளெட்டோ நேற்று அவனே துவைத்தான்.
ராத்திரி ஒரு மணிக்கு
டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு
அந்த மூன்று வினாடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
"தெரிகிறதா?" என்றான்.
எனக்கு முழங்கை தெரிந்தது.
"நீ நின்ற இடத்திலிருந்து?" என்றேன்.
"முதுகு. ஒரு பெரிய முதுகு."
மறுபடி ஓடவிட்டான்.
ஆட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு பேசோ,
சனிக்கிழமைக்கு உரியது இன்னும் வரவில்லை.

எல்பிடியோ இரண்டாவது சோறு கேட்கிறான்.
திங்கள் காசு கொடுப்பான், புதன் மறப்பான்,
வெள்ளியன்று "அடுத்த சவாரி அக்கா" என்பான்.
சீரான ஆட்டம் பற்றிப் பேச வந்துவிட்டான்.
நோட்டைத் திறந்தால் ருஃபினோ இன்னும் மோசம்.
இருவரையும் கொடுத்து
ஒழுங்காகக் காசு தருகிற ஒரே ஒரு கண்டக்டரை
நான் வாங்கலாம்.
யோசித்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு கிளெட்டோ வருகிறான்,
தோளில் கேஸ் சிலிண்டர், பச்சை பனியன்.
தமாசோ பெஞ்சை நகர்த்தி வழி விடுகிறான்.
"அண்ணே, ஆட்டம் பார்த்தீர்களா?
நீங்களே சொல்லுங்கள், அது ஃபவுலா இல்லையா?"

கிளெட்டோ சிலிண்டரை இறக்குகிறான், மெதுவாக.
ஸ்பானரைத் தேடுகிறான்.
அது அவன் பையிலேயே இருக்கிறது.

"ஃபவுல்தான்" என்கிறான், அடுப்பைப் பார்த்து.

"கேட்டாயா!" ருஃபினோ மேசையில் அடிக்கிறான்.
எலும்புகள் எல்லாம் இடம் மாறுகின்றன.
மூன்று பேரும் முதல் தடவையாக ஒத்துப்போன சந்தோஷத்தில்
எழுந்து, கை கழுவி, வண்டியை உதைத்து,
காசு கொடுக்காமல் போகிறார்கள்.

கிளெட்டோ பார்க்கிறான்.
நானும் பார்க்கிறேன்.
யாரும் விசில் ஊதவில்லை.