பத்துக்கு மேல்

மோசல் பேயில் எங்கள் கட்டடத்துக்குக்
கடல்மாடம் என்று பெயர்.
தரைத்தளத்தில் என் ஜன்னலுக்கு எதிரே
டெரிக் ஸ்வார்ட்பூயின் காரேஜ் கதவு.

விதி எளிது என்றார் டெரிக், கண்ணாடியைத் துடைத்தபடி.
பராமரிப்புப் பணத்தைப் பத்து விழுக்காடு வரை
குழுவே ஏற்றிக்கொள்ளலாம்.
அதற்கு மேல் ஒரு காசென்றாலும்
வீட்டுக்காரர்கள் கூடிக் கை தூக்க வேண்டும்.
லிஃப்டுக்காகக் கேட்டது முப்பத்தொன்று.

யாருக்கு எவ்வளவு என்பதைத் தரை சொல்லும்.
எனக்கு எழுபத்தொரு சதுர மீட்டர்.
ஐந்தாம் மாடி ஃபெர்மாக்குக்கும் எழுபத்தொன்றுதான்.
கடலை யாரும் அளந்து சேர்க்கவில்லை.

அந்த லிஃப்டில் நான் ஏறியது ஒரே முறை,
மாறி வந்த கடிதத்தைக் கொடுக்க.

முதல் கூட்டத்தில் ஆள் போதவில்லை.
அரை மணி பார்த்தோம். பிஸ்கட் தீர்ந்தது.
அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடம்.
அன்று வந்தவர்களே போதும்;
அதற்கும் விதி இருக்கிறது.

பன்னிரண்டு வாரமாக ஃபெர்மாக்கின் இடுப்பெலும்பு
படிகளுக்கு ஒப்பவில்லை.
சாயங்காலமானால் நைலான் கயிற்றில் ஒரு பை
என் ஜன்னலைத் தாண்டி இறங்கும்.
கடைப் பையன் வராத நாளில்
நான்தான் பாலையும் ரொட்டியையும் வைத்து
இரண்டு முறை இழுப்பேன்.
பை ஏறும். ஒரு நன்றி இறங்கும்.
அதற்காக மனம் மாறிவிட்டதென்று நினைக்காதீர்கள்.
ஓய்வூதியம் எனக்கும் ஒன்றுதான்.

செவ்வாயன்று பையில் ஒரு தாள்.
பதிலாள் படிவம்.
பெயர்: மிஸஸ் யான்கீஸ், வீட்டு எண் இரண்டு.
ஆதரவு, எதிர்ப்பு, இரண்டு கட்டமும் காலி.
அடியில், கோணல் எழுத்தில்:
உங்கள் விருப்பம் போல.

படுபாவி.
ஆதரவு என்று குறித்திருந்தால்
தபால்காரி வேலையோடு போயிருக்கும்.

வந்தது ஏழு பேர்.
தெம்பிசா குறிப்பேட்டைத் திறந்தாள்.
வீடு இரண்டு?
மாதம் அறுநூற்று ஐம்பத்தொரு ராண்ட் கூடுதல்,
கண்புரைக்குச் சேர்க்கிற டப்பா,
காரேஜ் கதவு.
எதிர்ப்பு, என்றேன்.

வீடு இருபத்திரண்டு?
யாரும் பேசவில்லை. பிறகுதான்
என்னைக் கேட்கிறாள் என்று உறைத்தது.
ஆதரவு.
டெரிக் சிரித்தார்.
தெம்பிசா சிரிக்காமல் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

ஐந்துக்கு மூன்று. ஏறிவிட்டது.

மறுநாள் பை இறங்கியது.
என்ன ஆயிற்று என்று ஒரு சீட்டும் இல்லை.
பாலை வைத்தேன், ரொட்டியை வைத்தேன்,
இரண்டு முறை இழுத்தேன்.
உதிரிபாகம் வர இன்னும் ஆறு வாரமாம்.